பலர் புழங்கும் கணினியில் ரகசிய ஆவணம் கசிகிறதா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்வது எப்படி

ஒரே கணினியில் நாலைந்து பேர் மாறி மாறி உட்காரும் இடத்தில் மருத்துவ அறிக்கை, வழக்குக் காகிதம், சம்பளக் கணக்கு, வேலை மாறுவதற்கான விண்ணப்பம் என்று ஏதோ ஒன்றை வைத்திருக்க வேண்டிய கட்டாயத்தில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்கள் பிரச்சினை எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் அதற்கு முன்னால் கீழே இருக்கும் முதல் பகுதியை மட்டும் படித்துவிடுங்கள், மற்ற தீர்வுகளில் எது உங்களுக்குப் பலிக்கும் எது பலிக்காது என்பது அதை வைத்துத்தான் முடிவாகும்.

முதலில் பார்க்க வேண்டியது: இந்தக் கணினிக்கு அட்மின் யார்?

கணினியில் எதையும் நிறுவவும் மாற்றவும் அதிகாரம் உள்ளவர்தான் அட்மின். விண்டோஸில் செட்டிங்ஸ் திறந்து அக்கவுண்ட்ஸ், அதற்குள் யுவர் இன்ஃபோ போங்கள். உங்கள் பெயருக்குக் கீழே அட்மினிஸ்ட்ரேட்டர் என்று இருந்தால் நீங்கள் அட்மின், இல்லாவிட்டால் சாதாரணப் பயனர். மேக்கில் யூசர்ஸ் அண்ட் குரூப்ஸ் பகுதியில் ஒவ்வொருவர் பெயருக்கும் கீழேயே எழுதியிருக்கும்.

நீங்கள் ஒருவர் மட்டும் அட்மின் என்றால் நல்லது, கீழே சொல்லும் எல்லாமே வேலை செய்யும். மற்றவர்களும் அட்மின் என்றால் 'இந்த ஃபோல்டர் எனக்கு மட்டும்' என்று விண்டோஸ் போடும் வேலி அவர்களைத் தடுக்காது, நீங்கள் ஃபைலையே குறியாக்கம் செய்து, அதாவது பாஸ்வேர்டு இல்லாமல் படிக்கவே முடியாதபடி மாற்றி, பூட்ட வேண்டும். உங்களுக்கு நம்பிக்கை இல்லாத ஒருவர் அட்மினாக இருந்து, நீங்கள் யாரிடமிருந்து மறைக்கிறீர்களோ அவரும் அவரேதான் என்றால், அந்தக் கணினியில் எந்தப் பூட்டும் உதவாது. நீங்கள் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் பதிவுசெய்யும் மென்பொருளை அவரால் நிறுவ முடியும், உங்கள் பாஸ்வேர்டும் அதில் சேர்ந்துதான் போகும். அந்த நிலையில் இருப்பவர்கள் நேராகக் கடைசிப் பகுதிக்குப் போய்விடுங்கள்.

யாரிடமிருந்து மறைக்கிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளாமல் நிறையப் பேர் கண்ணில் பட்ட மென்பொருளை எல்லாம் நிறுவுகிறார்கள். பக்கத்தில் இருப்பவர் தற்செயலாகப் பார்த்துவிடக் கூடாது என்பது ஒரு தேவை, தேடிப் பார்க்கும் ஆளிடமிருந்து காப்பது வேறு தேவை, கணினியே திருடுபோனால் என்ன ஆகும் என்பது இன்னொரு தேவை. மூன்றுக்கும் மருந்து வேறு.

ஃபைலை யாரும் திறக்கவில்லை, ஆனால் பெயர் எல்லோர் கண்ணிலும் படுகிறது

அதிகம் பேருக்கு நடப்பது இதுதான். ஆவணம் உங்கள் பென் டிரைவில் இருந்தது, திறந்தீர்கள், திருத்தினீர்கள், பென் டிரைவைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டீர்கள். அடுத்தவர் வந்து வேர்டைத் திறக்கிறார். வலது பக்கம் காலியான பக்கம், அதற்குக் கீழே சமீபத்தில் திறந்தவை என்று ஒரு பட்டியல், அதில் முதல் வரியில் 'ராஜினாமா கடிதம் இறுதி', பக்கத்திலேயே எந்த டிரைவில் இருந்தது, எப்போது திறந்தது என்பதும். ஃபைல் இப்போது கணினியிலேயே இல்லை, சொடுக்கினால் திறக்காது. ஆனால் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது.

இந்தப் பட்டியல் ஒரே இடத்தில் இருப்பதில்லை, அதுதான் தொல்லை. விண்டோஸ் தனியாக ஒன்று வைத்திருக்கும், வேர்டும் எக்ஸெலும் தனித்தனியாக வைத்திருக்கும், பிடிஎஃப் படிக்கும் மென்பொருள் தன் பங்குக்கு ஒன்று வைத்திருக்கும், லிப்ரே ஆபீஸ் என்றால் முகப்பிலேயே ஆவணத்தின் முதல் பக்கத்தைச் சின்னப் படமாகக் காட்டும். ஒன்றை அழித்துவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள்.

விண்டோஸ் பட்டியலை நிறுத்த செட்டிங்ஸில் பெர்சனலைசேஷன், அதற்குள் ஸ்டார்ட். அங்கே சமீபத்தில் திறந்தவற்றை ஸ்டார்ட் மெனுவிலும் ஃபைல் எக்ஸ்ப்ளோரரிலும் காட்டு என்ற பொருளில் ஒரு சுவிட்ச் இருக்கும், அதை அணைத்துவிடுங்கள். ஏற்கெனவே சேர்ந்திருப்பதைத் துடைக்க ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் ஆப்ஷன்ஸில் ஜெனரல் பகுதியில் பிரைவசி என்பதன் கீழ் கிளியர் பொத்தான் இருக்கிறது. வேர்டில் ஒரு பெயரை மட்டும் எடுக்க அதன் மேல் வலது சொடுக்கு, ரிமூவ் ஃப்ரம் லிஸ்ட். மொத்தமாகவே வேண்டாம் என்றால் ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்ட், டிஸ்ப்ளே பகுதியில் எத்தனை ஆவணங்களைக் காட்ட வேண்டும் என்ற எண்ணை 0 ஆக்கிவிடலாம்.

படங்களை, ஸ்கேன் செய்த காகிதங்களைப் பார்த்திருந்தால் இன்னொரு தடயமும் மிஞ்சும். ஃபோல்டரில் சின்னச் சின்னதாகத் தெரிகிற படங்களை விண்டோஸ் தனியாகச் சேமித்துவைக்கும், மூலப்படத்தை நீங்கள் அழித்த பிறகும் அந்தச் சிறுபடம் உள்ளே கிடக்கலாம். டிஸ்க் கிளீனப் ஓட்டும்போது தம்ப்நெயில்ஸ் என்பதையும் டிக் செய்யுங்கள்.

அப்புறம் கிளிப்போர்டு. விண்டோஸ் விசையோடு வி அழுத்திப் பாருங்கள். கிளிப்போர்டு வரலாறு இயங்கும் கணினியாக இருந்தால் கடைசியாக நகலெடுத்த 25 துண்டுகள் வரை வரிசையாக வந்து நிற்கும், நீங்கள் காப்பி செய்த கணக்கு எண்ணோ பாஸ்வேர்டோ அதில் இருக்கலாம். கிளியர் ஆல் கொடுங்கள். கணினியை மறுபடி தொடங்கினாலும் போய்விடும், பட்டியலில் 'பின்' பொத்தானை அழுத்திக் குத்தி வைத்தவை மட்டும் போகாது.

இவ்வளவும் ஒவ்வொரு முறையும் செய்ய முடியுமா என்றால் முடியாது. எல்லோரும் ஒரே அக்கவுண்டில் நுழைகிற கணினியில் இந்தத் துடைக்கும் வேலைக்கு முடிவே கிடையாது. ஆளுக்கொரு அக்கவுண்ட் வைத்துக்கொள்வதுதான் உண்மையான தீர்வு, அட்மின் உங்களுக்குத் தெரிந்தவர் என்றால் இதைக் கேட்டு வாங்குங்கள், சில நிமிட வேலைதான். கேட்க முடியாத இடமென்றால் குறைந்தபட்சம் ஃபைலுக்குச் சாதுவான ஒரு பெயரை வையுங்கள். 'குறிப்பு 3' என்ற பெயரை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இது பூட்டு ஆகாது, தற்செயலாகக் கண்ணில் படுவதைத் தடுக்கும், அவ்வளவுதான்.

எனக்குத் தனி அக்கவுண்ட் இருக்கிறது, ஆனாலும் மற்றவர் என் ஃபைலைத் திறக்கிறார்

பெரும்பாலும் ஃபைல் இருக்கும் இடம்தான் காரணம். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் எல்லாம் உங்கள் பெயரில் உள்ள ஃபோல்டருக்குள் இருப்பவை, சாதாரணப் பயனர் வேறு யாரும் அதற்குள் நுழைய முடியாது. ஆனால் சி டிரைவின் மேல்மட்டத்திலோ டி டிரைவிலோ புதிதாக ஒரு ஃபோல்டர் உருவாக்கி அதில் போட்டால், அந்தக் கணினியில் அக்கவுண்ட் வைத்திருக்கும் எல்லோரும் அதைத் திறக்கலாம். வழக்கமான அனுமதி அப்படித்தான். சி நிறைந்துவிட்டது என்று டி டிரைவுக்கு மாற்றியவர்கள் இதில் மாட்டுகிறார்கள். பப்ளிக் என்ற ஃபோல்டரும் பெயருக்கேற்றபடி பொதுதான். பென் டிரைவ், வெளி ஹார்ட் டிஸ்க் எக்ஸ்ஃபேட் அல்லது ஃபேட்32 வடிவில் இருந்தால் அதில் அனுமதி என்ற கணக்கே கிடையாது, செருகியவுடன் யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

ஃபைல் சரியான இடத்தில்தான் இருக்கிறது, ஆனாலும் திறக்கிறார் என்றால் அவர் அட்மின். ஒரு அட்மின் உங்கள் பெயருள்ள ஃபோல்டரைச் சொடுக்கும்போது 'உங்களுக்கு இப்போது அனுமதி இல்லை' என்று ஒரு சின்னப் பெட்டி வரும், அதிலேயே கன்டினியூ என்று ஒரு பொத்தானும் இருக்கும். அதை அழுத்தினால் அவருக்கு அந்த ஒருமுறை மட்டும் அனுமதி கிடைப்பதில்லை, நிரந்தரமாகவே கிடைத்துவிடுகிறது. அடுத்த முறை பெட்டிகூட வராது. இது நடந்திருக்கிறதா என்று பார்க்க உங்கள் ஃபோல்டர் மேல் வலது சொடுக்கு, பிராபர்ட்டீஸ், செக்யூரிட்டி. அங்கே உங்கள் பெயர், சிஸ்டம், அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் தவிர இன்னொருவர் பெயர் தனியாக இருந்தால் அவர் கன்டினியூ அழுத்தியிருக்க வாய்ப்பு மிக அதிகம். பெயரை நீக்கலாம், அவர் மறுபடி அழுத்தினால் மறுபடி வந்துவிடும். ஆகவே அட்மின்கள் பலர் இருக்கும் கணினியில் அனுமதிகளோடு மல்லுக்கட்டாமல் குறியாக்கத்துக்குப் போங்கள்.

உபுண்டு வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். 21.04 பதிப்புக்கு முன்னால் ஒருவருடைய வீட்டு ஃபோல்டரை மற்ற பயனர்கள் படிக்கும்படிதான் அது அமைந்துவந்தது. பழைய கணினியை அப்படியே மேம்படுத்திக்கொண்டே வந்திருந்தால் அந்தப் பழைய அனுமதி இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கலாம், ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வட்டு முழுவதையும் குறியாக்கம் செய்யும் விண்டோஸின் பிட்லாக்கர் போட்டிருக்கிறோமே, அது போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. பிட்லாக்கரும் மேக்கின் ஃபைல்வால்டும் கணினி அணைந்திருக்கும்போது வட்டைக் காப்பவை. யாராவது கணினியைத் தூக்கிக்கொண்டு போனாலோ, பென் டிரைவில் இருந்து லினக்ஸை இயக்கி உங்கள் விண்டோஸ் பாஸ்வேர்டைச் சுற்றிக்கொண்டு உள்ளே போகப் பார்த்தாலோ அவை தடுக்கும், அந்த வகையில் அவசியமானவை. ஆனால் கணினி இயங்கி, நாலு பேரும் அவரவர் பாஸ்வேர்டில் உள்ளே வந்துவிட்ட பிறகு வட்டு எல்லோருக்கும் திறந்துதான் இருக்கும்.

மறைத்து வைத்தேன், கண்டுபிடித்துவிட்டார்கள்

ஹிட்டன் என்பது பூட்டே இல்லை. ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் வியூ, ஷோ, ஹிட்டன் ஐட்டம்ஸ் என்று மூன்று சொடுக்கில் எல்லாம் வெளியே வந்துவிடும். ஃபைலின் பின்னொட்டை மாற்றுவது, பத்து ஃபோல்டர் ஆழத்தில் புதைப்பது எல்லாமும் இதே கதைதான், தேடல் பெட்டி ஆழம் பார்ப்பதில்லை. இந்த வேலையில் இனி நேரம் செலவிடாதீர்கள்.

பாஸ்வேர்டு போட்டேன், ஆனாலும் படிக்க முடிகிறது

நீங்கள் போட்டது எந்தப் பாஸ்வேர்டு என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் வேர்டிலும் எக்ஸெலிலும் பிடிஎஃப்பிலும் பாஸ்வேர்டு என்ற பெயரில் இரண்டு வேறு வேறு விஷயங்கள் இருக்கின்றன. திருத்தவிடாமல் தடுப்பது ஒன்று, திறக்கவே விடாமல் பூட்டுவது இன்னொன்று. வேர்டில் ரெஸ்ட்ரிக்ட் எடிட்டிங், எக்ஸெலில் புரொடெக்ட் ஷீட், பிடிஎஃப்பில் அனுமதிகளுக்கான பாஸ்வேர்டு இவையெல்லாம் முதல் வகை. எழுத்து முழுக்கப் படிக்கக் கிடைக்கும், மாற்றத்தான் முடியாது, அதையும் கொஞ்சம் விவரம் தெரிந்தவர் கழற்றிவிடுவார். எக்ஸெலில் ஒரு ஷீட்டை ஹைட் செய்துவிட்டுப் புரொடெக்ட் போட்டுச் சம்பளப் பட்டியலை அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள், அந்த எண்கள் ஃபைலுக்குள் அப்படியே கிடக்கின்றன.

உங்களுக்கு வேண்டியது ஃபைல், இன்ஃபோ, புரொடெக்ட் டாக்குமென்ட், என்கிரிப்ட் வித் பாஸ்வேர்டு. லிப்ரே ஆபீஸில் சேவ் ஆஸ் பெட்டியின் அடியில் சேவ் வித் பாஸ்வேர்டு என்ற கட்டம். பிடிஎஃப்பில் திறப்பதற்கான பாஸ்வேர்டு. ஆபீஸில் சேமிக்கும்போது டாக்எக்ஸ், எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வடிவிலேயே வையுங்கள், 97-2003 என்று போட்ட பழைய வடிவத்தில் சேமித்தால் பூட்டு பலவீனமாகிவிடும்.

சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று சோதிக்க ஒரு நல்ல வழி, அதே ஃபைலை வேறொரு அக்கவுண்டிலோ உங்கள் ஃபோனிலோ திறந்து பாருங்கள். ஒரு எழுத்துகூடக் காட்டாமல் பாஸ்வேர்டு கேட்டால் பூட்டு வேலை செய்கிறது. உள்ளடக்கம் தெரிந்து, மாற்றப் போகும்போதுதான் கேட்கிறது என்றால் அது பூட்டே இல்லை.

பல ஃபைல்களைச் சேர்த்து ஜிப் செய்து பாஸ்வேர்டு போடுகிறவர்களுக்கு: விண்டோஸோடு வரும் ஜிப் வசதியில் பாஸ்வேர்டு போட வழியே இல்லை, 7-ஜிப் மாதிரி ஒன்று வேண்டும். அதில் ஜிப் வடிவத்தைத் தேர்ந்தெடுத்தால் உள்ளே இருக்கும் ஃபைல்களின் பெயர்கள் பாஸ்வேர்டு இல்லாமலே தெரியும். மேலே ராஜினாமா கடிதத்துக்கு நடந்தது இங்கேயும் நடக்கும். 7இஸட் வடிவத்தைத் தேர்ந்தெடுத்து, என்கிரிப்ட் ஃபைல் நேம்ஸ் என்ற கட்டத்தையும் டிக் செய்யுங்கள்.

ஆனால் 7-ஜிப்பில் இரண்டு இடங்களில் கசியும். ஒன்று, பூட்டிய கட்டு உருவான பிறகும் மூல ஃபைல்கள் பழைய இடத்திலேயே பூட்டில்லாமல் கிடக்கும், நீங்களாகத்தான் அழிக்க வேண்டும். இரண்டாவது யாரும் எதிர்பார்க்காதது. கட்டுக்குள் இருக்கும் ஆவணத்தை இரட்டைச் சொடுக்கில் திறந்தால், 7-ஜிப் அதை முதலில் தற்காலிக ஃபைல்களுக்கான டெம்ப் ஃபோல்டரில் பூட்டில்லாமல் விரித்து, பிறகுதான் வேர்டிடம் கொடுக்கிறது. நீங்கள் வேர்டையும் 7-ஜிப்பையும் ஒழுங்காக மூடினால் அந்த நகலை அழித்துவிடும். 7-ஜிப்பை முதலில் மூடிவிட்டாலோ, நடுவில் மின்சாரம் போனாலோ நகல் அங்கேயே தங்கிவிடலாம். டெம்ப் ஃபோல்டரைத் திறந்து 7இஸட்ஓ என்று தொடங்கும் ஃபோல்டர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள், இருந்தால் திறந்து பார்த்து அழித்துவிடுங்கள்.

வேர்டிலும் இதற்குச் சமமான ஒரு மூலை உண்டு. புதிய ஆவணத்தில் எதையோ தட்டிவிட்டுச் சேமிக்க வேண்டாம் என்று மூடிவிட்டீர்கள், போய்விட்டது என்று நினைப்பீர்கள். ஃபைல், இன்ஃபோ, மேனேஜ் டாக்குமென்ட், ரெகவர் அன்சேவ்ட் டாக்குமென்ட்ஸ் என்று போய்ப் பாருங்கள். தானாகச் சேமிக்கும் நேரம் வரை நீங்கள் எழுதியிருந்தால் அந்த வரைவு அங்கே உட்கார்ந்திருக்கும், அதே அக்கவுண்டில் நுழையும் எவரும் எடுக்கலாம்.

இன்னொன்று, இந்தப் பாஸ்வேர்டை மறந்தால் யாராலும் மீட்டுத்தர முடியாது. பாஸ்வேர்டை உங்கள் ஃபோனில் ஒரு பாஸ்வேர்டு மேனேஜரில் வையுங்கள், அந்தப் பொதுக் கணினியின் பிரவுசரில் வேண்டாம்.

பெட்டகத்தில் வைத்தேன், பெட்டகமே மற்றவர் கணக்கில் தெரிகிறது

நிறைய ஆவணங்கள் இருந்தால் ஒவ்வொன்றாகப் பூட்டுவதைவிட வெராகிரிப்ட் மாதிரியான பெட்டகம் நல்லது, இலவசம், மூன்று இயங்குதளங்களிலும் ஓடும். பார்க்க ஒரே ஒரு பெரிய ஃபைல், பாஸ்வேர்டு கொடுத்தால் புதிய டிரைவாக விரியும். மேக்கில் டிஸ்க் யுட்டிலிட்டியிலேயே பூட்டிய டிஸ்க் இமேஜ் உருவாக்கலாம், தனியாக எதுவும் நிறுவ வேண்டாம்.

பலர் தடுக்கி விழும் இடம், பெட்டகம் விரிந்திருக்கும் நேரம். நீங்கள் அதைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்கிறீர்கள், வேறொருவருக்கு இரண்டு நிமிடம் கணினி வேண்டும், ஸ்விட்ச் யூசர் கொடுத்துவிட்டு எழுந்துகொள்கிறீர்கள். உங்கள் அக்கவுண்ட் பூட்டித்தான் இருக்கிறது. ஆனால் விண்டோஸில் விரிந்த வெராகிரிப்ட் டிரைவ் அந்த நேரத்தில் உள்ளே இருக்கும் எல்லாப் பயனர்களுக்கும் தெரியும், பயனரை மாற்றுவதால் அது மூடிக்கொள்ளாது. அவருடைய திரையிலும் உங்கள் டிரைவ் ஒரு எழுத்தோடு நிற்கும், சொடுக்கினால் திறக்கும்.

எழுவதற்கு முன்னால் டிஸ்மவுண்ட் ஆல் கொடுப்பதைப் பழக்கமாக்குங்கள், புதிய பதிப்புகளில் அன்மவுண்ட் என்று இருக்கும். மறந்துவிடுவீர்கள் என்றால் வெராகிரிப்டின் பிரிஃபரன்சஸில் தானாக மூடும் பகுதி இருக்கிறது, லாக் ஆஃப் ஆகும்போது, திரை பூட்டப்படும்போது, ஸ்லீப் போகும்போது என்று எல்லாவற்றையும் டிக் செய்துவிடுங்கள். திரை பூட்டும்போது மூடச் சொல்லியிருந்தால் உள்ளே இருக்கும் ஆவணத்தைச் சேமித்துவிட்டுப் பூட்டுங்கள், பாதியில் பிடுங்கினால் எழுதியது போய்விடும்.

வெராகிரிப்டை விண்டோஸில் நிறுவ அட்மின் அனுமதி தேவை, நிறுவாமல் பென் டிரைவில் எடுத்துப் போய் ஓட்டினாலும் தேவைதான். அது கிடைக்காத இடத்தில் 7-ஜிப்பும் ஆபீஸின் பாஸ்வேர்டும்தான் கைகொடுக்கும்.

அழித்துவிட்டேன், திரும்ப வந்துவிட்டது

ரீசைக்கிள் பின்னைக் காலி செய்தாலும், ஷிஃப்ட்டோடு டெலிட் அழுத்தினாலும் ஃபைலின் பெயர் நீங்குகிறதே தவிர உள்ளடக்கம் உடனே வட்டில் இருந்து போய்விடுவதில்லை. சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் அந்த இடத்தில் வேறு எதையாவது எழுதும் வரை ரெக்குவா, ஃபோட்டோரெக் மாதிரியான இலவச மென்பொருளால் மீட்க முடியும். சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி வட்டில் டிரிம் என்ற வசதி இயங்கினால் அழித்தவை சீக்கிரம் மீட்க முடியாதவை ஆகிவிடும், ஆனால் ஒரு குறிப்பிட்ட ஃபைலை மேலெழுதி அழிப்பது அதில் நம்பத்தக்கதல்ல, எஸ்எஸ்டி எழுத வேண்டிய இடத்தைத் தானே மாற்றிக்கொள்ளும். ஹார்ட் டிஸ்க் உள்ள விண்டோஸ் கணினியில் சைஃபர் என்ற கட்டளை காலி இடத்தை மேலெழுதித் துடைக்கும், நேரம் பிடிக்கும் வேலை, இரவில் ஓட விடுங்கள்.

ஆனால் திரும்ப வந்த ஃபைல்களில் பல இப்படி மீட்கப்பட்டவை இல்லை. இன்னொரு நகல் எங்கோ இருந்திருக்கும். மெயிலில் இருந்து மூன்று தடவை டவுன்லோட் செய்ததில் பெயருக்குப் பின்னால் 1, 2 என்று அடைப்புக்குறி போட்டு இரண்டு நகல்கள், வாட்ஸ்அப்பில் அனுப்ப டெஸ்க்டாப்பில் வைத்த ஒன்று, பிடிஎஃப் ஆக்கியபோது உருவான ஒன்று. ஃபைல் பெயரை வைத்துத் தேடாதீர்கள், ஆவணத்துக்குள் இருக்கும் ஒரு அரிய சொல்லை வைத்துத் தேடுங்கள். பிராபர்ட்டீஸில் பிரீவியஸ் வெர்ஷன்ஸ் என்ற பகுதியையும் பாருங்கள், விண்டோஸின் காப்புப் பிரதி வசதியான ஃபைல் ஹிஸ்டரி ஓடும் கணினியில் பழைய பிரதிகள் அங்கே இருக்கும்.

இந்தத் துரத்தலைத் தவிர்க்க ஒரே வழி, ஆவணத்தைப் பூட்டில்லாமல் அந்த வட்டில் ஒருமுறைகூட வைக்காமல் இருப்பது. டவுன்லோட் செய்யும்போதே எங்கே சேமிக்க என்று கேட்கும்படி பிரவுசரை அமைத்து, விரிந்திருக்கும் பெட்டகத்துக்குள் நேராகச் சேமியுங்கள்.

டெஸ்க்டாப்பில் வைத்தது வேறொருவர் ஃபோனில் தெரிகிறது

ஒன்டிரைவ். பகிர்ந்துகொள்ளும் விண்டோஸ் அக்கவுண்டில் யாராவது ஒருவர் தன் மைக்ரோசாஃப்ட் கணக்கை இணைத்து, டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றையும் காப்புப் பிரதி எடுக்க ஒப்புக்கொண்டிருப்பார், பல நேரம் அவருக்கே நினைவிருக்காது. நீங்கள் அங்கே வைத்ததும் அது அவருடைய கிளவுடுக்குப் போய்விடும். கடிகாரத்துக்குப் பக்கத்தில் மேக வடிவச் சின்னம் இருக்கிறதா, ஃபைல்களின் பக்கத்தில் பச்சை டிக் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மூன்று ஃபோல்டர்களையும் தொடாதீர்கள். ஏற்கெனவே போய்விட்டதென்றால் இங்கே அழித்தால் அங்கேயும் போகும், ஆனால் ஒன்டிரைவின் குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும். கூகுள் டிரைவிலும் அதே 30 நாள்தான். கணக்கு அவருடையது என்பதால் அவரிடம் சொல்லித்தான் காலி செய்ய வைக்க முடியும், சங்கடம்தான், வேறு வழியில்லை.

மெயிலை மூடிவிட்டேன், அடுத்தவருக்கு என் இன்பாக்ஸ் திறக்கிறது

டேபை மூடுவது வெளியேறுவது ஆகாது. இதைப் படிக்கும்போதே சந்தேகம் வந்தால் ஃபோனை எடுங்கள். கூகுள் கணக்கின் செக்யூரிட்டி பகுதியில் உங்கள் சாதனங்கள் என்ற பட்டியலில் அந்தக் கணினியைத் தேர்ந்தெடுத்து சைன் அவுட் கொடுங்கள், வாட்ஸ்அப்பில் லிங்க்ட் டிவைசஸ், டெலிகிராமில் டிவைசஸ். கணினி எங்கே இருந்தாலும் இது வேலை செய்யும்.

குரோமில் ஆளுக்கொரு புரொஃபைல் வைத்திருப்பது வசதிக்குத்தான், பாதுகாப்புக்கு இல்லை. மேலே இருக்கும் வட்டத்தைச் சொடுக்கி யார் வேண்டுமானாலும் யாருடைய புரொஃபைலுக்கும் மாறலாம். இன்காக்னிட்டோவில் வரலாறு மிஞ்சாது, ஆனால் டவுன்லோட் செய்தவை வட்டில் அப்படியே இருக்கும், ஜன்னல்களை எல்லாம் மூடும் வரை உள்நுழைவும் உயிரோடு இருக்கும். ஆவணத்தைப் படிக்க மட்டும் வேண்டும் என்றால் டவுன்லோட் செய்யாமல் மெயிலுக்குள்ளேயே முன்தோற்றத்தில் பாருங்கள்.

அச்சிட்ட பிறகு வேறொருவர் கையில் நகல்

அச்சு வராமல் வரிசையில் நின்றுபோன வேலையை அப்படியே விட்டுப் போகாதீர்கள், யாராவது தாள் வைத்தவுடன் அது வெளியே வரும். பிரின்டர் பிராபர்ட்டீஸில் அட்வான்ஸ்ட் பகுதியில் கீப் பிரின்டட் டாக்குமென்ட்ஸ் என்ற கட்டம் டிக் ஆகியிருந்தால் முடிந்த வேலைகளும் வரிசையிலேயே தங்கும், எடுத்துவிடுங்கள். பெரிய அலுவலக இயந்திரங்களில் பின் எண் கொடுத்தால்தான் அச்சிடும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். ஸ்கேன் செய்தீர்களா, அது எந்தப் பகிர்ந்த ஃபோல்டரில் போய் விழுந்தது என்பதையும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

பாஸ்வேர்டு மாறிய பிறகு என் ஃபைலே எனக்குத் திறக்கவில்லை

ஃபைலின் மேல் சின்னப் பூட்டுப் படம் இருந்தால் அது விண்டோஸின் இஎஃப்எஸ் குறியாக்கம், புரோ பதிப்புகளில் வருவது. இது உங்கள் அக்கவுண்டின் பாஸ்வேர்டோடு பின்னியது. நீங்களே உள்ளே இருந்து பாஸ்வேர்டை மாற்றினால் ஒன்றும் ஆகாது, ஆனால் மறந்துவிட்டீர்கள் என்று அட்மின் வெளியில் இருந்து ரீசெட் செய்துகொடுத்தால் சாவி தொலைந்த மாதிரி ஆகிவிடும். பதற்றத்தில் எதையும் அழிக்க வேண்டாம். பழைய பாஸ்வேர்டு நினைவுக்கு வந்தால் அதற்கே திருப்பி மாற்றிப் பாருங்கள், திறக்கும். அந்தக் குறியாக்கத்தின் சாவி இருக்கும் சான்றிதழை முன்பே பென் டிரைவில் எடுத்து வைத்திருந்தால் அதை இறக்கலாம். இரண்டும் இல்லையென்றால் ஃபைல் போனதுதான். இஎஃப்எஸ் பயன்படுத்துகிறவர்கள் இன்றைக்கே அந்தச் சான்றிதழை எடுத்து வைத்துவிடுங்கள்.

எதுவும் பலிக்காத இடம்: கணினியே அடுத்தவருடையது

இணைய மையம், நூலகம், விடுதி, வேலை கொடுத்தவரின் கணினி, உங்களைக் கண்காணிக்கும் ஒருவரின் கணினி. இங்கே மேலே சொன்ன எந்தப் பூட்டையும் நம்பாதீர்கள், ஏனென்றால் பூட்டைத் திறக்க நீங்கள் பாஸ்வேர்டைத் தட்டியே ஆக வேண்டும், தட்டுவதைப் பார்க்கும் வசதி அந்தப் பக்கம் இருக்கலாம். அலுவலகக் கணினியில் திரையைப் பதிவுசெய்யும் மென்பொருள் வெளிப்படையாகவே இருக்கும் இடங்கள் உண்டு. சிறிய திரையில் படிப்பது சிரமமாக இருந்தாலும் ஆவணத்தை உங்கள் ஃபோனிலேயே, அந்த இடத்து வைஃபையை விட்டு உங்கள் சொந்த இணைப்பில் திறங்கள். அச்சிட்டே ஆக வேண்டும் என்றால் அந்த ஒரு ஆவணத்தை மட்டும் ஒரு பென் டிரைவில் போட்டு எடுத்துப் போங்கள், உங்கள் மெயிலுக்குள் நுழைய வேண்டாம்.

உங்களைக் கண்காணிப்பவரின் கணினி என்றால் இன்னும் ஒரு எச்சரிக்கை. வரலாற்றை மொத்தமாகத் துடைப்பது, புதிதாகப் பூட்டுகள் போடுவது அவர் கண்ணில் படும், அது உங்களுக்கு ஆபத்தாகலாம். அந்தக் கணினியில் வழக்கம்போலவே புழங்குங்கள், முக்கியமான வேலையை மட்டும் அவர் கை படாத வேறொரு சாதனத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே இப்படிப்பட்ட கணினியில் திறந்துவிட்டீர்கள் என்றால், நீங்கள் நம்பும் வேறு சாதனத்தில் உட்கார்ந்து அங்கே தட்டிய ஒவ்வொரு பாஸ்வேர்டையும் மாற்றுங்கள், மெயிலின் பாஸ்வேர்டு முதலில், மற்ற கணக்குகளின் சாவி அதில்தான் இருக்கிறது. இரண்டு கட்டச் சரிபார்ப்பைப் போடுங்கள், எல்லாச் சாதனங்களில் இருந்தும் வெளியேறுங்கள். அந்த ஆவணத்தில் இன்னொருவர் விவரமும் இருந்தால், ஒரு நோயாளி, வழக்கில் உங்களை நம்பி வந்த ஒரு கட்சிக்காரர், உங்களோடு வேலை செய்பவர் யாராக இருந்தாலும், அவருக்குத் தகவல் சொல்லுங்கள், தன் பக்கத்தில் எதை மாற்ற வேண்டும் என்று முடிவு செய்ய அவருக்கும் நேரம் வேண்டும்.